நீர்வேலிச் சோமசேகரம் எழுதிக்கொள்வது

— முதல்லை அந்தக் கதிரையிலை இருங்கோ அங்கிள். குருநகரிலையிருந்து திருநெல்வேலிக் கம்பசடி மட்டும் உந்த வெய்யிலுக்கை சைக்கிள் உழக்கிக்கொண்டு வந்திட்டு, வாசல்லை நிண்டு முடிஞ்சுது முடிஞ்சுது எண்டா எனக்கு என்ன விளங்கும்? என்ன முடிஞ்சுது? ஆருக்கும் ஏதும்...?

— சீச்சீ, அப்பிடி ஒண்டுமில்லைப் பிள்ளை. கார்ட்டூன் முடிஞ்சுது. பதின்மூண்டோடை சரியாம். இனி வராதாம்.

— எந்தக் கார்ட்டூன்?

— எங்கடை லவீனா யூரியூப்பிலை கிழமைக்கிழமை அதைப்பற்றித்தான் கதைக்கிறவள். 'மூண்டு செக்கன்'.

— ஐயோ அங்கிள், நான் பயந்தே போனன்! அதுக்குப் பேர் அனிமே.

— என்ன கோதாரியோ. மூண்டு மாசத்துக்கு முதல் நீதானே ஆரபி, இந்தப் போட்டோக்கொப்பிக் கடையிலை வைச்சு எனக்கு யூரியூப்பிலை எக்கவுண்ட் திறந்து தந்தனீ. மறந்துபோனியோ?

— மறப்பனே? பெத்த மகளின்ரை சனலுக்குக் கீழை கள்ளப் பேரிலை எழுதப்போறன் எண்டு வந்து நிண்ட தகப்பனை ஆர் மறப்பினம்? நானும் அவளும் கம்பசிலை ஒரே வாங்கிலை இருந்து படிச்சனாங்கள். நானே அவளின்ரை வீடியோ முழுக்கப் பாக்கிறேல்லை. முப்பது பேர் பாத்தாலே பெரிய விசயம்.

— முப்பத்தினாலு. போன கிழமை முப்பத்தினாலு.

— அதிலை பத்து நீங்கள் திருப்பித் திருப்பிப் பாத்ததாயிருக்கும்.

— பகிடியை விடு. இந்தா போன். நான் சொல்லச் சொல்ல நீ எழுது. பன்ரெண்டு கிழமையும் என்ரை விரலாலைதான் குத்திக் குத்தி எழுதினனான். இண்டைக்குப் பிழை வரக்கூடாது கண்டியோ. இண்டைக்கு எழுதிறதோடை சரி, பிறகு எழுத ஒண்டும் இல்லை.

— ஏன், வேறை ஏதும் தொடரைப் பற்றி அவள் கதைப்பாள்தானே.

— கதைப்பாள் எண்டு ஆர் கண்டது? கைக்குழந்தையோடை இருக்கிறவள். இதோடை விட்டிட்டாளெண்டா? கிழமைக்கு ஒருக்கா அவளின்ரை குரலைக் கேக்கிறன். நான் எழுதுறன், அவள் பதில் போடுறாள். மூண்டு வருசம் கதை பேச்சு இல்லாமல் இருந்ததுக்குப் பிறகு எனக்கு அதுதான் இருக்கு. அதுவும் இல்லையெண்டா நான் ஆரோடை கதைக்கிறது, வள்ளத்தோடையோ?

— சரி சரி, கத்தாதேங்கோ. என்ன எழுதவேணும்?

— அவள் கேள்வி கேட்டிருக்கிறாள். என்ரை பேர் சொல்லி. என்ரை எண்டா, சோமசேகரத்தின்ரை பேர் சொல்லி. வீடியோவின்ரை கடைசியிலை.

— என்ன கேட்டவள்?

— உனக்குக் கதை தெரியாதே, முதல்லை கதையைச் சொல்லுறன். பெரிய தொடர் ஒண்டு இருக்கு, பறக்கிற பிள்ளையள், கையிலை நெருப்பு வாற பிள்ளையள். அது லவீனா பள்ளிக்கூடம் போகேக்கை வீட்டிலை ஓடினது. நான் பக்கத்திலை இருந்து வலை பொத்திக்கொண்டு கேப்பன். பாக்கமாட்டன், காதாலை கேப்பன். அந்தத் தொடரிலை பொலிஸ் ஸ்ரேசன் சுவரிலை ஒரு பெடியன்ரை படம் தொங்கும். ஆரெண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம். இந்தப் புதுசு அந்தப் பெடியன்ரை கதை.

— கிளைத் தொடர். அவனுக்கு என்ன சக்தி?

— விழுற சாமானை மூண்டு செக்கன் அந்தரத்திலை நிப்பாட்டுவான். அவ்வளவுதான். நாலாவது செக்கன் அது விழும். உது ஒரு சக்தியோ எண்டுதான் நானும் முதல் கேட்டன். ஆனா பார், மாடியிலையிருந்து பூச்சட்டி விழுது, கீழை கிழவி நிக்கிறா. மூண்டு செக்கன் போதும், கிழவி விலத்தீடுவா. அதுதான் இதின்ரை பெலம். எல்லாருக்கும் சின்னச் சின்னச் சக்தி. ஒருத்தி கையாலை தொட்டா ஆறின தேத்தண்ணி சுடும். இன்னொருத்தனுக்கு மழை வரப்போறது முன்னமே தெரியும்.

— உது வடிவாயிருக்கே.

— மழை வாறது குருநகரிலை எல்லாருக்கும் தெரியும். அதையும் அவளுக்கு எழுதினனான். சிரிச்ச மூஞ்சை ஒண்டு போட்டவள்.

— அப்ப பெலவீனம்?

— ஏன் இல்லை? அஞ்சாவதிலையிருந்து எட்டாவது மட்டும் பழைய தொடர்க்காரர் வந்து பூந்திட்டினம். அவையின்ரை சண்டையே முடியேல்லை. பெடியனைக் காணவே இல்லை. அவளும் அதைத்தான் சொன்னவள், சொந்தக் கதையிலை நம்பிக்கை இல்லாமல் பழசைக் கூப்பிட்டிருக்கினம் எண்டு. பிறகு ஏழாவதிலை படம் கீறினவைக்குச் சம்பளம் குடுக்கேல்லைப்போலை, ஆக்களின்ரை முகம் எல்லாம் பிசைஞ்ச மா மாதிரி. இன்னொண்டு, அவன் கடைசியிலை சாவான் எண்டு முதலே தெரியும். சுவரிலை படம் தொங்கினவன்தானே. முடிவு தெரிஞ்ச கதையைப் பதின்மூண்டு கிழமை பாக்கிறதெண்டா சும்மாவே?

— அங்கிள், நீங்கள் அவளை விட நல்லாக் கதைக்கிறியள். படத்துக்குக் கீழை இங்கிலிசு எழுத்து ஓடுறதை எப்பிடி வாசிச்சனீங்கள்?

— எங்கை வாசிக்கிறது, அது ஓடுற ஓட்டத்துக்கு. முதல் அவளின்ரை வீடியோவைக் கேப்பன், கதை விளங்கீடும். பிறகு படத்தைப் பாப்பன்.

— பொறுங்கோ, உங்கடை பழைய கொமென்ற் எல்லாத்தையும் ஒருக்காப் பாக்கிறன். என்ன மாதிரி எழுதுறனீங்கள் எண்டு தெரிஞ்சாத்தான் அதே மாதிரி எழுதலாம்.

— பார் பார். பிழை கிழை இருக்கும், சிரிக்காதை.

— 'அன்புத் தங்கச்சி லவீனாவுக்கு, நீர்வேலிச் சோமசேகரம் எழுதிக்கொள்வது.' ஐயோ அங்கிள், கடிதம் மாதிரியெல்லோ எழுதியிருக்கிறியள். அதென்ன, நீர்வேலிச் சோமசேகரம்?

— லோஜன்ரை ஊர் நீர்வேலிதானே. புருசன்ரை ஊர்க்காரர், வயசு போன மனிசன், வாழைத்தோட்டம் வைச்சிருக்கிறார் எண்டா, மரியாதைக்காவது ரெண்டு சொல்லுப் பதில் போடுவாள் எண்டு நினைச்சன்.

— 'முதலாம் பாகம் பார்த்தேன். துறைமுகம் நல்ல வடிவு. ஆனால் நங்கூரம் போட்ட வள்ளம் காற்றுக்கு முன்பக்கத்தைக் காட்டிக்கொண்டுதான் நிற்கும். இவங்கள் கீறின வள்ளம் குண்டியைக் காட்டிக்கொண்டு நிற்குது.' அங்கிள்!

— ஏன், சரிதானே?

— சரிதான். வாழைத்தோட்டக்காரனுக்கு நங்கூரத்தைப் பற்றி என்னண்டு தெரியும்?

— ஓம்... அதை நான் யோசிக்கேல்லை. ஆனா அவளுக்குச் சந்தேகம் வரேல்லைப் பிள்ளை. என்ன பதில் போட்டவள் எண்டு வாசி.

— 'நன்றி ஐயா. தோட்டம் செய்யிற உங்களுக்குக் கடலைப் பற்றியும் எவ்வளவு தெரிஞ்சிருக்கு! உங்கடை பக்கம் இதரை வாழை குலை தள்ளிட்டுதோ?'

— பாத்தியே, நம்பீட்டாள்.

— நீங்கள் என்ன சொன்னனீங்கள்? 'செவ்வாய்க்கிழமை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.' பிறகு வியாழக்கிழமை, 'ஓம், தள்ளிவிட்டது. ஒரு குலையில் ஒன்பது சீப்பு.' ஒன்பது சீப்பு எண்டு எப்பிடித் தெரியும்?

— போய்ப் பாத்தனான்.

— எங்கை?

— நீர்வேலிக்கு. கேட்டாப் பதில் சொல்லவேணுமே, பொய் சொல்லேலுமே? பருத்தித்துறை பஸ்சிலை ஏறிப் போய் இறங்கி, ஒருத்தர் குலை வெட்டிக்கொண்டு நிண்டவர், அவரிட்டை எல்லாம் விசாரிச்சு எழுதிக்கொண்டு வந்தனான். பிறகு அவள் கதலியைப் பற்றிக் கேட்டவள். அதுக்கும் ஒரு செவ்வாய் போனனான். பிறகு மொந்தனுக்கு ஏதோ நோய் எண்டு கேட்டவள். அதுக்கும் செவ்வாய் பாத்துச் சொல்லுறன் எண்டு எழுதிப்போட்டுப் போனனான்.

— மூண்டு முறை போனனீங்கள். அவளின்ரை வீட்டடிக்கும் போனனீங்களோ?

— பஸ் நிக்கிற இடத்திலையிருந்து தோட்டத்துக்கு அந்த ஒழுங்கையாலைதானே போகவேணும்.

— வேறை ஒழுங்கையும் இருக்கு அங்கிள்.

— இருக்கட்டும். நான் அதாலைதான் போனனான். ஆறு மைல் தூரம் பிள்ளை. கனடாவிலை பிள்ளையளை விட்டிட்டு இருக்கிறவை அழுகினம், நான் ஆறு மைலிலை இருக்கிறவளுக்கு அழுறன். நான் எழுதுறது அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பி நீர்வேலிக்கு வருதாம், என்ரை பக்கத்து வீட்டுப் பெடியன் சொன்னவன்.

— உள்ளுக்கை போகேல்லையோ?

— முதல் முறை போகேக்கை கொடியிலை சின்னச் சட்டை காஞ்சுது. மஞ்சள் சட்டை, இவ்வளவுதான் இருக்கும், என்ரை கையளவு. அப்பதான் எனக்குத் தெரியும். அப்பிடியே மதிலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிட்டன். ஏன் பிள்ளை, நீ ஒரு சொல்லுச் சொல்லேல்லையே எனக்கு?

— நான் பிள்ளை பிறந்த முப்பத்தொண்டாம் நாள் சடங்குக்குப் போய்ப் பிள்ளையை மடியிலை வைச்சிருந்திட்டு வந்தனான். உங்களிட்டைச் சொல்ல வாயெடுத்தனான். அவளின்ரை பேரை என்ரை காதிலை போடாதை எண்டு நீங்கள்தானே சொல்லி வைச்சிருந்தனீங்கள்.

— ஓம், சொன்னனான்தான். என்ரை வாய் இருக்கே, சுட்டுப்போடவேணும். பெடியோ பெட்டையோ?

— பெட்டை. உங்களைப்போலை நெத்தி.

— மாதாவே! மூண்டாம் முறை போகேக்கை சட்டை கொஞ்சம் பெரிசாயிருந்தது. அண்டைக்குப் பையுக்கை ஒரு பாரை மீன் கொண்டு போனனான். லவீனாக்குப் பாரை எண்டா உயிர். கேற்றடியிலை நிண்டன், நிண்டன், உள்ளுக்கை போகேல்லை. திருப்பிக் கொண்டந்து பூனைக்குப் போட்டன்.

— கூப்பிட்டிருக்கலாமே. நான் போன நேரமெல்லாம் அந்தக் கேற் பூட்டித்தான் கிடக்கும், பத்துத் தரம் கூப்பிட்டாத்தான் வருவினம். நாயும் சரியான கடி நாய்.

— பூட்டோ? ஆவெண்டு திறந்து கிடந்தது. மூண்டு முறையும் அப்பிடித்தான். சின்னப் பிள்ளை இருக்கிற வீடு, மாடு ஆடு பூந்தா என்ன செய்யிறது? அவளுக்கு எப்பதான் புத்தி வருமோ. நாயை நான் காணவே இல்லை.

— சரி, கேற்றை விடுங்கோ. அங்கிள், உதென்ன?

— எது?

— உந்தக் கொமென்றின்ரை தலைப்பிலை. எல்லாத்திலையும் இருக்கு. ஒண்டு, ரெண்டு, மூண்டு... பன்ரெண்டிலையும் இருக்கு. நீர்வேலிச் சோமசேகரம் எழுதிக்கொள்வது எண்டதுக்கு மேலை, சிலுவை!

— சிலுவை போடாமல் எப்பிடி எழுதிறது? எழுத்து எண்டா மேலை சிலுவை போட்டுத்தான் தொடங்கிறது. கடிதம் எண்டாலும் சரி, சங்கத்துக்குப் பெட்டிசன் எண்டாலும் சரி. போனிலை அந்தக் கூட்டல் அடையாளத்தைத் தேடிப் பிடிக்கவே எனக்கு ஒரு மணித்தியாலம்... ஐயோ!

— ஓம். ஐயோதான்.

— ஐயோ பிள்ளை!

— நாங்கள் பிள்ளையார் சுழி போடுறனாங்கள் அங்கிள். திருநீறு பூசின சோமசேகரம் ஆராவது தலைப்பிலை சிலுவை போடுவாரே? அதுவும் குருநகர் நங்கூரத்தோடை! அவள் முதல் நாளே பிடிச்சிருப்பாள்.

— அழி. எல்லாத்தையும் அழி. உடனை அழி.

— என்னத்தை அழிக்கிறது? அவள் பன்ரெண்டுக்கும் பதில் போட்டிருக்கிறாள்.

— தெரிஞ்சுகொண்டே போட்டவளோ?

— தெரிஞ்சுகொண்டுதான். வாழை வாழை எண்டு கேட்டதும் உங்களை ஆட்டிப் படைக்கத்தான். கள்ளி.

— நான் அந்த மனிசனிட்டை மொந்தனுக்கு மருந்து கூட விசாரிச்சு எழுதினனான் பிள்ளை. ரெண்டு பக்கம்!

— சிரிக்காமல் என்ன செய்ய அங்கிள்? என்ரை கண்ணாலை தண்ணி வருது. நீங்களும் சிரிக்கிறியள்.

— நான் சிரிக்கேல்லை.

— சரி. இந்தாங்கோ, தண்ணி குடியுங்கோ. கண்ணைத் துடைக்க லேஞ்சி இருக்கோ?

— இருக்கு. தாய் இல்லாமல் வளத்தனான் பிள்ளை. தலை இழுத்துப் பின்னி விட்டதும் நான்தான். கோயிலிலை வைச்சுக் கட்டேல்லை, சைவப் பெடியனைப் பதிவுக் கந்தோரிலை எழுத்து எழுதிப்போட்டு வந்து முன்னாலை நிக்கிறாள். எனக்கு ஊரின்ரை வாய்தான் பெரிசாத் தெரிஞ்சுது. என்ரை படலைக்குள்ளை இனி உன்ரை கால் படக்கூடாது எண்டிட்டன். சொல்லி முடிய மூண்டு செக்கன்கூட ஆகேல்லை. அந்தப் பெடியனைப்போலை எனக்கும் ஒருக்கா அந்தரத்திலை பிடிச்சு வைக்கத் தெரிஞ்சிருந்தா, அதைக் கீழை விழ விட்டிருப்பனே?

— ...அவள் என்ன கேள்வி கேட்டவள் எண்டு நீங்கள் இன்னும் சொல்லேல்லை.

— கடைசிப் பாகத்திலை பெடியன் தாயின்ரை வீட்டுக்குப் போறான். கோவிச்சுக்கொண்டு வெளிக்கிட்டவன், எத்தினையோ வருசமாத் தாயோடை கதை பேச்சு இல்லை. வாசல் மட்டும் போறான். உள்ளுக்கை லைற் எரியுது. மழையிலை நிக்கிறான். திரும்பிப் போறான். அடுத்த நாள் பாலம் உடைஞ்சு விழுது, மூண்டு செக்கன் பிடிச்சு வைக்கிறான், பஸ் தாண்டுது, அவன் செத்துப்போனான். சுவரிலை படம். முடிஞ்சுது.

— ஐயோ, பாவம்.

— லவீனா சொல்லுறாள், எல்லாம் நல்லாத்தான் செய்திருக்கினம், ஆனா இந்தத் தொடரின்ரை பெரிய பெலவீனம் அந்த வாசல். வாசல் மட்டும் வந்தவன் ஏன் உள்ளுக்கை வரேல்லை? அதைச் சொல்லாமலே முடிச்சிட்டினம். சோமசேகரம் ஐயா, நீங்கள் என்ன நினைக்கிறியள், எண்டு.

— அங்கிள்...

— விளங்குது. இப்ப எனக்கும் விளங்குது. முதல் நான் அதைக் கார்ட்டூன் கேள்வி எண்டுதான் நினைச்சுக்கொண்டு வந்தனான்.

— என்ன எழுத?

— எழுது. 'அன்புத் தங்கச்சி லவீனாவுக்கு, நீர்வேலிச் சோமசேகரம் எழுதிக்கொள்வது.'

— இன்னும் சோமசேகரமோ?

— அவருக்குத்தானே கேள்வி வந்தது. எழுது. 'அந்தப் பெடியன் வாசலில் நின்றது கோபத்தில் இல்லை. கோபம் அவனுக்கு முதல் மாசமே போய்விட்டது. வெட்கத்தில் நின்றவன். தான் சொன்ன சொல்லு தனக்கு முன்னால் வந்து அந்த வாசலில் நிக்குது, அதைத் தாண்டி எப்படிக் கால் வைக்கிறது எண்டு தெரியாமல் நின்றவன். அதைப் படமாய்க் கீறிக் காட்ட ஏலாது. அதனால்தான் காட்டவில்லை.' எழுதினியோ?

— ஓம். 'காட்டவில்லை.'

— 'ஆனபடியால் அது தொடரின் பெலவீனம் இல்லை. பெடியன்ரை பெலவீனம்.' போதும்.

— போதுமோ? வேறை ஒண்டும் இல்லையோ?

— வேறை என்ன? பிள்ளையின்ரை பேர் என்னவெண்டு கேக்கலாம். சோமசேகரம் கேட்டா முறையில்லையே. விடு.

— தலைப்பிலை சிலுவை போடவோ, வேண்டாமோ? போடாட்டி நீங்கள் இப்பவும் ஒளிச்சு நிக்கலாம். போட்டா, தெரிஞ்சும் போட்டிருக்கிறார் எண்டு அவளுக்கு விளங்கும். ஒரு அக்காவுக்குப் போட்டோக்கொப்பி எடுத்துக் குடுத்திட்டு வாறன், யோசியுங்கோ.

— யோசிக்க என்ன கிடக்கு? போடு.

— போட்டாச்சு. அனுப்பவோ?

— பொறு. மாதாவே, தாயே... சரி, அனுப்பு.

— போட்டுது.

— இனி எவ்வளவு நேரம் எடுக்கும்? நான் போயிட்டுப் பின்னேரம் வரவோ? உனக்கு ரெண்டு விளைமீன் கொண்டந்தனான், சைக்கிளிலை தொங்குது, பழுதாப்போடும். அவள் இப்ப பிள்ளையை நித்திரையாக்கிக்கொண்டிருப்பாள். வழக்கமா அடுத்த நாள்தான் பதில் வரும். நான் வெளிக்கிடுறன்...

— இருங்கோ அங்கிள்.

— இல்லை, நான்...

— இருங்கோ எண்டுறன். பதில் வந்திட்டுது. தலைப்பிலை சிலுவை போட்டிருக்கிறாள்.

— வாசி. என்ரை கண்ணாடி... வாசி பிள்ளை.

— 'சோமசேகரம் ஐயாவுக்கு. வாழை பாக்கப் போறன் எண்டு எழுதின மூண்டு செவ்வாயும் நாயைப் பின்வளவிலை கட்டிப்போட்டு, கேற்றைத் திறந்து வைச்சிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யன்னலடியிலை நிண்டனான். கேற் இப்பவும் திறந்துதான் கிடக்கு, அப்பா.'